மழைக்காலச் சளியும் எதிர்ப்புச் சக்தி டானிக்கும்: குமரி மாவட்டப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

தென்மேற்குப் பருவமழை கன்னியாகுமரி மாவட்டத்தை எட்டும் ஜூன் மாதத்தில்தான் பள்ளிகளும் திறக்கின்றன. தமிழகத்தின் பிற பகுதிகளில் பெரும்பாலானவை வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்க, இந்த மாவட்டம் இரண்டு மழையையும் வாங்கிக்கொள்கிறது. ஆகவே, எல்.கே.ஜி. வகுப்பில் முதன்முதலாகக் காலெடுத்து வைக்கும் ஒரு குழந்தை, இருபது முப்பது குழந்தைகளோடு ஒரே அறையில் நெருங்கி உட்காரும் முதல் அனுபவத்தையும் சன்னல்களை அடைத்துவைக்க வேண்டிய மழைநாள்களையும் ஒன்றாகவே எதிர்கொள்கிறது. ஜூனில் தொடங்கும் சளி ஆகஸ்டில் சற்று அடங்கி, அக்டோபரில் மீண்டும் நெஞ்சில் கட்டுகிறது. நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் மருந்துக் கடைக்கு வரும் பெற்றோர், “பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கிறது, அதற்கு ஏதாவது டானிக் கொடுங்கள்” என்று கேட்பது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

கடைக்காரர் எடுத்து வைக்கும் பொருள்களும் குறைவில்லை. ஜிங்க் சிரப், வைட்டமின் டி சொட்டு மருந்து, பழச்சுவையில் மெல்லும் கம்மிகள், சியவனப்பிராசம், துளசிச் சாறு, சீம்பால் பொடி, புரோபயாடிக் பொட்டலம், தேன் என்று வரிசை நீளும். இவற்றில் “இயற்கையானது” என்ற அடையோடு வருபவற்றின் மீது பெற்றோரின் நாட்டம் அண்மையில் கூடியிருப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. 2023 டிசம்பரில், குளோர்பெனிரமைன், பினைல்எப்ரின் ஆகிய இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்ததும், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததும் நாடு முழுவதையும் உலுக்கின. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி சிரப்புகளைத் தரவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. சிரப்பைக் கண்டு அஞ்சும் தாய் கைமருந்தின் பக்கமும் ஊட்டப் பொருள்களின் பக்கமும் திரும்புவது இயல்பே. ஆனால் ஒன்று ஆபத்தானது என்பதனால் மற்றொன்று பயனுள்ளதாகிவிடாது. அது தனியே நிறுவப்பட வேண்டியது.

இது குறித்து இதுவரை நடந்துள்ள ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வெளிப்படுகிறது. ஊட்டச்சத்து குறைந்திருக்கும் குழந்தைக்கு அந்தச் சத்தைக் கொடுத்தால் சுவாசத் தொற்று ஓரளவு குறைகிறது. குறைவே இல்லாத குழந்தைக்கு அதே பொருளைக் கூடுதலாக ஊட்டினால் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் கிடைப்பதில்லை. எனவே, எந்த டானிக் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் குழந்தையிடம் எது குறைவாக இருக்கிறது, அல்லது உண்மையில் ஏதாவது குறைவாக இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எத்தனை சளி இயல்பு?

பள்ளி செல்லாத சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு என்றே குழந்தை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. மழலையர் பள்ளியிலோ குழந்தைகள் காப்பகத்திலோ முதலாண்டைக் கழிக்கும் குழந்தைக்கு இது பத்து, பன்னிரண்டு வரை போகலாம். ஒவ்வொரு சளியும் ஏழு முதல் பத்து நாள் நீடிக்கும். அதனுடன் வரும் இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். எட்டுச் சளிகளும் ஆண்டு முழுவதும் சீராகப் பரவாமல் மழை மாதங்களில் குவிந்துவிட்டால், ஒன்றின் இருமல் அடங்குவதற்குள் அடுத்ததன் மூக்கொழுகல் தொடங்கிவிடும். வீட்டாரின் கண்ணுக்கு அது ஜூன் முதல் டிசம்பர் வரை நீடிக்கும் ஒரே நோயாகத் தெரியும்.

இதற்கான காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. கருவில் இருக்கும்போது தாயின் எதிர்ப்புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சேர்கின்றன. பிறந்த ஆறு மாதத்துக்குள் அவை பெரும்பாலும் தேய்ந்துவிடுகின்றன. அதன்பின் குழந்தை தனக்கான எதிர்ப்புரதங்களைத் தானே உண்டாக்க வேண்டும். அதற்கு அந்தந்தக் கிருமியை நேரில் சந்தித்தாக வேண்டும். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேல். அவற்றில் ரைனோவைரஸ் ஒன்றே நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு வகையோடு போரிட்டுப் பெற்ற அனுபவம் இன்னொரு வகைக்கு முழுமையாக உதவாது. ஆகவே அடிக்கடி சளி பிடிக்கும் நான்கு வயதுக் குழந்தையின் எதிர்ப்பாற்றல் பலவீனமாக இருக்கிறது என்பதைக் காட்டிலும், அது இன்னும் பயிற்சியில் இருக்கிறது என்பதே பெரும்பாலும் சரி.

அதோடு, எதிர்ப்பாற்றல் என்பது ஒரே திசையில் ஏற்றிக்கொண்டே போகக்கூடிய ஓர் அளவு அன்று. காய்ச்சல், மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி வைரஸ் நேரடியாகச் செய்வதல்ல, அதை எதிர்க்கும் நம் உடலே உண்டாக்குவது. ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் எதிர்ப்பாற்றல் குறைந்ததனால் வருபவை அல்ல. அது வேண்டாத இடத்தில் மிகுந்து எழுவதால் வருபவை. எதிர்ப்புச் சக்தியைக் “கூட்டித் தருகிறோம்” என்று விளம்பரம் சொல்லும்போது, எதனைக் கூட்டுகிறது என்ற கேள்விக்கு அந்தப் புட்டியில் விடை இருப்பதில்லை.

டானிக்குக்குக் கிடைக்கும் நற்பெயரின் பின்னால் காலக்கணக்கும் ஒளிந்திருக்கிறது. சளி உச்சத்தில் இருக்கும் அக்டோபர், நவம்பரில்தான் வீட்டார் சலித்துப்போய் டானிக் வாங்குகிறார்கள். இரண்டு மாதம் கொடுத்து முடிக்கும்போது சனவரி வந்துவிடுகிறது. மழை நின்று, சன்னல்கள் திறந்து, சளியும் தானாகவே குறைகிறது. அடுத்த ஆண்டு யூ.கே.ஜி. செல்லும் குழந்தைக்கு முந்தைய ஆண்டின் அத்தனை வைரஸ்களோடும் அறிமுகம் இருப்பதால் அப்போதும் சளி குறைவாகவே இருக்கும். எதைக் கொடுத்திருந்தாலும், ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும். ஆனால் பெயர் டானிக்குக்குப் போய்ச்சேரும்; அண்டை வீட்டாருக்கும் அதே பரிந்துரை போகும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவை வைத்து நடத்தும் ஆய்வுகள் தேவைப்படுவது இதனால்தான். அத்தகைய ஆய்வுகளில் பயன் காட்டாத பொருள்களும் வீட்டு அனுபவத்தில் வெற்றிபெற்றதாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

வைட்டமின் டி: வெயில் நிறைந்த ஊரில் ஒரு குறை

இந்தியாவில் 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 14 விழுக்காட்டினருக்கும், ஐந்து முதல் ஒன்பது வயதினரில் 18 விழுக்காட்டினருக்கும் வைட்டமின் டி குறைவு இருப்பதாகக் கண்டது. நிலநடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகை வடக்கே இருக்கும் குமரி முனைக்கு ஆண்டு முழுவதும் போதிய புற ஊதாக் கதிர் கிடைக்கிறது; ஐரோப்பியக் குளிர்காலத்துச் சிக்கல் இங்கில்லை. ஆயினும் வெயில் ஊரில் இருப்பதும் வெயில் தோலில் படுவதும் வேறு வேறு. காலை ஏழு மணி இளவெயிலில் குழந்தையைக் காட்டினால் வைட்டமின் டி கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் அதை உண்டாக்கும் ‘பி’ வகைப் புற ஊதாக் கதிர் அந்நேரத்து வெயிலில் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது போதிய அளவில் வருகிறது. வகுப்பறைச் சன்னலின் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். நண்பகலை ஒட்டிய நேரம் முழுவதும் வகுப்பிலும் வேனிலும் டியூஷனிலும் கழிக்கும் குழந்தைக்குக் குமரியில் வாழ்ந்தும் குறை வரலாம்.

இந்தக் குறைக்கும் சுவாசத் தொற்றுக்கும் உள்ள உறவு நீண்ட காலமாக ஆராயப்படுகிறது. ஏறத்தாழ 11,000 பேர் பங்கேற்ற 25 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளியான பகுப்பாய்வு, வைட்டமின் டி கொடுப்பதால் தொற்று சற்றுக் குறைவதாகவும், கடுமையான குறை இருந்தவர்களுக்கு அந்தப் பயன் கூடுதலாகவும் இருந்ததாகவும் காட்டியது. அதில் பயன் தெரிந்தது நாள்தோறும் அல்லது வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்தபோதுதான். இடைவெளி விட்டுப் பேரளவாகக் கொடுத்தபோது அன்று. மங்கோலியாவில் வைட்டமின் டி மிகவும் குறைந்திருந்த பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்தூட்டிய பால் கொடுத்தபோது தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காபூலில் கைக்குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் யூனிட் கொடுத்த ஆய்விலோ நிமோனியா குறையவே இல்லை. புதிய ஆய்வுகள் சேரச் சேர, ஒட்டுமொத்தப் பயன் சுருங்கிக்கொண்டே வந்து, 2025இல் வெளியான புதுப்பிப்பில் புள்ளியியல் உறுதியையும் இழந்துவிட்டது. குறையுள்ளவர், இல்லாதவர் என எல்லோரையும் ஒரே கூட்டத்தில் சேர்த்தால் பயன் கரைந்துபோவதில் வியப்பில்லை.

நடைமுறையில் இதன் பொருள் எளிது. பிறந்தது முதல் ஒரு வயது வரை நாளுக்கு 400 யூனிட் என்ற சொட்டு மருந்தை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் ஏற்கெனவே பரிந்துரைக்கிறார்கள், அது எலும்புக்காக. அதைத் தவறாமல் கொடுப்பது நல்லது. அதற்கு மேல் வளர்ந்த பிள்ளைக்கு நாளுக்கு 600 யூனிட் அளவு போதும். பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை எழுதித் தரப்படும் 60,000 யூனிட் பொட்டலத்தைத் தவறாக நாள்தோறும் கொடுத்துவிடுவதால் குழந்தையின் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு என்று ஆபத்தில் முடிவதும் உண்டு. சளிக்காக இந்தப் பொட்டலத்தைத் தாமாக வாங்கிக் கொடுப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

துத்தநாகமும் பிற சத்துகளும்

ஜிங்க் என்று கடையில் கேட்கப்படும் துத்தநாகத்தின் கதையும் இதை ஒத்ததே. மேற்சொன்ன கணக்கெடுப்பில் ஒன்று முதல் நான்கு வயதினரில் 19 விழுக்காட்டினருக்குத் துத்தநாகக் குறைவு இருந்தது. வங்கதேசம், இந்தியா, பெரு, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, துத்தநாகம் பெற்ற குழந்தைகளிடம் நிமோனியா 13 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. சாதாரணச் சளியைத் தடுப்பதில் அது பயன்படுகிறதா என்று 2024இல் தனியே ஆராய்ந்தபோது குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. இரண்டும் முரண்பட்டவை அல்ல. குறை பரவலாக இருக்கும் சமூகத்தில் பெரிய நோய் சற்றுக் குறைகிறது. நன்கு உண்ணும் குழந்தையின் மூக்கொழுகல் குறைவதில்லை. வயிற்றுப்போக்கின்போது உப்புச் சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் கொடுக்கப்படும் துத்தநாகம் வேறு கணக்கு. அது உறுதியாக நிறுவப்பட்ட மருத்துவம். ஆனால் மாதக்கணக்கில் அளவில்லாமல் ஜிங்க் சிரப் கொடுத்தால் உடலில் செம்புச் சத்து குறைந்து, இரத்தசோகையும் வெள்ளணுக் குறைவும் வரக்கூடும். அதாவது எதிர்ப்பாற்றலுக்காகக் கொடுத்தது எதிர்ப்பாற்றலையே குறைத்துவிடும்.

வைட்டமின் சி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் 1970இல் அதைச் சளிக்கு அருமருந்தாகப் பரப்பியது முதல் எண்ணற்ற ஆய்வுகள் நடந்துவிட்டன. 2013ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வின்படி, நாள்தோறும் எடுத்துக்கொள்பவர்களுக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை. பிடித்த சளி குழந்தைகளுக்குச் சராசரியாக 14 விழுக்காடு சீக்கிரம் விடுகிறது. அதாவது ஏழு நாள் ஆறாகிறது. சளி தொடங்கிய பின் கொடுத்தால் அந்தப் பயனும் இல்லை. ஒரு கொய்யாப் பழத்திலோ நெல்லிக்காயிலோ குழந்தையின் ஒரு நாள் தேவையைப் போலப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கும்போது மாத்திரைக்குக் காசு கொடுப்பது வீண்.

இரும்புச் சத்தைத்தான் இந்தப் பேச்சில் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒன்று முதல் நான்கு வயதினரில் 41 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக அதே கணக்கெடுப்பு சொல்கிறது. இரத்தசோகையால் சோர்ந்து, பசியெடுக்காமல், எடை கூடாமல் இருக்கும் குழந்தையைத்தான் “எதிர்ப்புச் சக்தியே இல்லை” என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச் சிரப்பும், ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவமும், குடற்புழு நீக்க மாத்திரையும், அங்கன்வாடியில் சத்துமாவும் அரசே இலவசமாகத் தருகிறது. கம்மிகளுக்குச் செலவிடும் வீடுகளில் இந்த இலவச மருந்துகள் திறக்கப்படாமல் இருப்பது வருத்தமான முரண். வைட்டமின் ஏ திரவம் பெற்றுவரும் குழந்தைக்குக் கூடவே காட் லிவர் ஆயிலையும் மல்ட்டிவைட்டமினையும் சேர்த்துக் கொடுத்தால் அதே சத்து மூன்று வழியாகச் சேரும். வைட்டமின் ஏ உடலில் தேங்கி ஈரலைப் பாதிக்கக்கூடியது.

புரோபயாடிக் நுண்ணுயிர்கள் மேல் சுவாசத் தொற்றைச் சற்றுக் குறைக்கலாம் என்று மதிப்பாய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளின் தரம் குறைவு, பயன்படுத்திய நுண்ணுயிர் வகைகளும் வெவ்வேறு. வீட்டுத் தயிர் அவற்றுக்கு நிகரென்று சொல்ல முடியாவிட்டாலும், உணவாக அது நல்லதே. மேலைநாட்டு மூலிகையான எக்கினேசியா இப்போது இங்கும் கம்மிகளில் வருகிறது. 2003இல் 407 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் அது சளியைக் குறைக்கவில்லை. தோலில் தடிப்பு மட்டும் அதை உண்ட குழந்தைகளிடம் கூடுதலாக வந்தது. சீம்பால் பொடியைப் பொறுத்தவரை, பசுவின் சீம்பாலில் இருப்பவை கன்றுக்குத் தேவையான எதிர்ப்புரதங்கள். மனிதக் குழந்தைக்கு உண்மையில் வேண்டிய சீம்பால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயிடமிருந்து கிடைப்பது. அதற்கு விலை இல்லை.

தேனும் மூலிகையும்

மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு பெற்றது; ரப்பர் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த தேனீ வளர்ப்பு இங்குள்ள பல குடும்பங்களின் வருவாய். ஆகவே இந்த மாவட்டத்தில் தேனைப் பற்றி எழுதும்போது நல்லதையும் எச்சரிக்கையையும் ஒருங்கே சொல்ல வேண்டும். படுக்கப்போகும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி தேன் கொடுத்தால் இரவு இருமல் குறைந்து குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்பது முறையான ஆய்வுகளில் தெரிந்த செய்தி. எந்த மருந்தும் கொடுக்காததைவிடவும், டைபென்ஹைட்ரமைன் என்ற இருமல் மருந்தைவிடவும் அது மேலாக இருந்திருக்கிறது. ஆனால் அது இருமலைத் தணிக்கிறதே தவிர, அடுத்த சளியைத் தடுப்பதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். தேன் தூய்மையானதா, நம் வீட்டுப் பெட்டியில் எடுத்ததா என்பதெல்லாம் இதில் ஒரு பொருட்டல்ல. காய்ச்சினாலும் அந்த வித்துகள் எளிதில் சாவதில்லை. மருந்துப் பொடிகளைத் தேனில் குழைத்து ஊட்டும் வழக்கத்தையும் ஒரு வயதுக்குட்பட்டோருக்கு விட்டுவிட வேண்டும்.

ஆடாதோடை, தூதுவளை, கற்பூரவல்லி, துளசி, சுக்கு, நல்லமிளகு, திப்பிலி, சித்தரத்தை ஆகியவை இப்பகுதிச் சமையலறைக்கும் வைத்தியத்துக்கும் பொதுவான சொத்து. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் இயங்கும் மாவட்டத்தில் இவற்றைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டே சளியை இளக்கும் பிரோம்ஹெக்சின் மருந்து உருவானது. வெதுவெதுப்பான கஷாயமோ தூதுவளை ரசமோ தொண்டைக்கு இதம் தருவதையும், சளி பிடித்த குழந்தைக்கு நீரும் பசியும் தருவதையும் மறுக்க வேண்டியதில்லை. எனினும், இவற்றை மாதக்கணக்கில் கொடுத்தால் குழந்தைக்கு அடுத்தடுத்த தொற்றுகள் குறையும் என்பதற்குத் தரமான ஆய்வுச் சான்று கிடைக்கவில்லை. நோயுற்றபோது இரண்டு மூன்று நாள் குடிப்பதற்கும், நோயற்ற குழந்தைக்கு நாள்தோறும் ஊட்டுவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சித்த மருத்துவர்களே வலியுறுத்துவார்கள்; கடையில் புட்டியாக வாங்கும்போதுதான் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றதாகிவிடாது என்பதைச் சீந்தில் கொடி காட்டிக்கொடுத்தது. கோவிட் காலத்தில் எதிர்ப்பாற்றலுக்கென்று அதை நாள்தோறும் உண்ட சிலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதை 2021இல் மும்பை மருத்துவர்களும், மறு ஆண்டில் பல நகரங்களின் மருத்துவர்களும் பதிவுசெய்தனர். தோற்றத்தில் ஒத்த வேறொரு கொடி கலந்திருக்கலாம் என்பது ஆயுஷ் அமைச்சகத்தின் வாதம். அது சரியாகவே இருந்தாலும், கடையில் வாங்கும் பொடியில் எந்தக் கொடி இருக்கிறது என்று குழந்தையின் தாய் எப்படி அறிவார்? கைக்குழந்தைக்குக் கல்லில் உரைத்து ஊட்டும் உரைமருந்தில் சேரும் வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் உண்டு. அமெரிக்காவில் 1968 முதலே வசம்பை உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. சூடாக்கிய எண்ணெயைக் கைக்குழந்தையின் மூக்கில் விடும் பழக்கம் இன்னும் மோசமானது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கி, தீராத நிமோனியாவைப் போன்ற ஒரு நோயை உண்டாக்கும். சளிக்குச் செய்தது சளியாகவே திரும்பிவரும். உச்சியில் தடவும் ராஸ்னாதிப் பொடி எதையும் தடுப்பதில்லை என்றாலும், அளவோடு தடவினால் பெரிய தீங்கும் இல்லை.

வாங்கும் புட்டியின் பின்புறத்தைப் படிப்பது நல்ல பழக்கம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணோடு ஊட்டப் பொருளாக விற்கப்படுவதில், அது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு உரியதல்ல என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஆயுர்வேத, சித்த மருந்தாக விற்கப்படுவது மருந்துச் சட்டத்தின்கீழ் வேறு உரிமத்தில் வருகிறது. முன்புறத்தில் இரண்டும் ஒரே இலைப்படத்தோடும் சிரிக்கும் குழந்தையோடும் இருக்கும். சியவனப்பிராசத்தின் பெரும்பகுதி சர்க்கரைப் பாகு என்பதும், கம்மி என்பது வைட்டமின் சேர்த்த மிட்டாய் என்பதும் பின்புறத்தைப் படித்தால் தெரிந்துவிடும்.

குறையை உணவிலும் வீட்டிலும் தேடுதல்

குமரி மாவட்டத்தின் வழக்கமான உணவு இந்த வகையில் வளமானது. சாளையும் அயிலையும் நெத்திலியும் வைட்டமின் டி, துத்தநாகம், புரதம் ஆகியவற்றை ஒருங்கே தருகின்றன. இரும்புச் சத்தும் ஓரளவு சேருகிறது. மரச்சீனிக் கிழங்கு மட்டும் என்றால் அது வெறும் மாவுச்சத்து. மீன்கறியோடு சேரும்போதுதான் அது முழு உணவாகிறது. பிள்ளைகளுக்குக் கிழங்கை நிறையவும் மீனைக் கொஞ்சமாகவும் வைக்கும் வீடுகளில் அந்தச் சமன் குலைகிறது. கைக்குழந்தைக்கு ஏத்தங்காய்ப் பொடியில் காய்ச்சும் கூழ் செரிக்க எளியது என்றாலும் இரும்பும் துத்தநாகமும் அதில் மிகக் குறைவு. ஆறு மாதத்துக்குப் பிறகு அதையே முக்கிய உணவாக வைத்துக்கொள்ளாமல், முட்டை, முள் நீக்கிய மீன், பருப்பு, கீரை ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இதைச் சரிசெய்தால் பல குழந்தைகளுக்கு ஜிங்க் சிரப்பின் தேவையே எழாது.

உணவுக்கு இணையாகக் கவனிக்க வேண்டியது புகை. குளிப்பாட்டியதும் கைக்குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது, விறகடுப்பு, தாத்தாவின் பீடி, ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் கொட்டகை வீட்டை ஒட்டி இருப்பது ஆகிய ஒவ்வொன்றும் மூச்சுக்குழாயின் உட்பூச்சைப் புண்படுத்தி வைரஸுக்கு வழிவிடுகின்றன. எரியும் ஒரு கொசுவத்திச் சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்கு நிகர் என்று 2003இல் ஓர் ஆய்வு அளந்தது. மழைக்காலத்தில் சன்னலை அடைத்து, சுருளைக் கொளுத்தி, குழந்தையை அருகில் படுக்கவைக்கும் வீட்டில் எந்த டானிக்கும் அதை ஈடுசெய்யாது. கொசுவலை விரித்தால் அந்தச் செலவும் மிச்சம், மூச்சும் மிச்சம். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யச் சொல்லும் மருத்துவரின் பேச்சைவிட, நீளமான மருந்துச் சீட்டுக்கு மதிப்பு கூடுதலாக இருப்பது நம் ஊரின் நெடுநாளைய வழக்கம்.

தடுப்பூசியும் இதே வரிசையில் வருகிறது. நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் ஹிப் கிருமியைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழகத்திலும் கேரளத்திலும்தான் முதலில் அறிமுகமாயிற்று. நிமோனியாவை உண்டாக்கும் மற்றொரு கிருமியான நிமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி 2021 முதல் தமிழக அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா ஊசியைக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. அது அரசு அட்டவணையில் இல்லாததால் காசு கொடுத்துப் போட வேண்டும். குறிப்பிட்ட ஒரு கிருமிக்கு எதிராக எதிர்ப்பாற்றலை உண்மையாகவே கூட்டும் பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இயல்பைத் தாண்டும்போது

அடிக்கடி சளி என்று அழைத்துவரப்படும் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இருப்பது தொற்றே அல்ல. இரவிலும் விடியற்காலையிலும் கூடும் இருமல், ஓடியாடினால் இரைப்பு, வீட்டில் வேறு யாருக்காவது இழுப்பு அல்லது தோல் ஒவ்வாமை என்றிருந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். அதற்கு இன்ஹேலர் வேண்டும்; “பிள்ளைக்கு இன்ஹேலரா?” என்று அஞ்சிச் சிரப்பிலேயே ஆண்டுகளைக் கடத்துவதால் இழப்பு குழந்தைக்கே. வாயால் மூச்சுவிட்டுக் குறட்டைவிடும் குழந்தைக்கு மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டுத் திசு வளர்ந்திருக்கலாம். குழந்தைகளின் தொடக்கநிலைக் காசநோயைக் குறிக்கும் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்ற பெயரில் காசநோய் மருந்தைச் சந்தேகத்தின்மேல் தொடங்குவதும் நம்மிடையே நெடுங்காலமாக நடக்கிறது. இரண்டு வாரத்தைக் கடந்த இருமலும் காய்ச்சலும், எடை குறைதலும், வீட்டில் காசநோயாளி இருப்பதும் உண்மையான காரணங்கள். அப்போதும் எக்ஸ்ரேயும் சளி அல்லது இரைப்பை நீர்ச் சோதனையும் செய்து உறுதிப்படுத்திய பிறகே மருந்து தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இச்சோதனைகள் இலவசம்.

பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகள் மிகச் சிலரே. ஆனால் அவர்களைத் தவறவிடக் கூடாது. ஓராண்டுக்குள் இரண்டு முறை நிமோனியா, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட காது தொற்று, இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் தேறாமை, ஊசி வழி மருந்து இல்லாமல் தொற்று அடங்காமை, எடையும் உயரமும் கூடாமை, மீண்டும் மீண்டும் ஆழமான சீழ்க்கட்டி, ஒரு வயதுக்கு மேலும் வாயில் விடாத வெண்படலம், குடும்பத்தில் இத்தகைய நோயோ காரணம் தெரியாத குழந்தை மரணமோ இருத்தல் ஆகியவற்றில் இரண்டு பொருந்தினாலும் எதிர்ப்புரத அளவுச் சோதனைக்கு மருத்துவரைக் கேட்க வேண்டும். இவர்களுக்கு டானிக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை. முறையான சிகிச்சையைத் தாமதப்படுத்துவதொன்றே அதனால் விளையும்.

எந்த வைத்தியம் நடந்துகொண்டிருந்தாலும், சளி பிடித்த குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் அதன் மூச்சை எண்ணிப் பார்க்க எந்தப் பெற்றோரும் கற்றுக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணை எட்டினாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே ஒடுங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ கஷாயத்துக்கும் கடைச் சிரப்புக்கும் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ அப்போதே கொண்டுசெல்ல வேண்டும்.